கால் மணி நேர வேலை

1850-களின் கடைசியில் ஒரு கோடையில், இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் ஒரு பாதிரியார் தன் வீட்டு மலக்குழியை மண் போட்டு மூடினார். வீட்டில் இருக்கிற எல்லோரும் இனிமேல் வாளியில்தான் போக வேண்டும் என்று உத்தரவும் போட்டார். பெயர் ஹென்றி மோல். டார்செஸ்டர் நகரத்தை ஒட்டிய ஃபோர்டிங்டனில் 1829 முதல் அவர்தான் பாதிரி. தாமஸ் ஹார்டியைப் படித்தவர்களுக்கு இந்தக் குடும்பம் வேறு வழியாகத் தெரிந்திருக்கலாம். ஹார்டியின் இளமைக்கால நண்பரும் ஒருவகையில் ஆசானுமாக இருந்த ஹொரேஸ் மோல் இவருடைய மகன்தான்.

1858 கோடையில் லண்டனில் தேம்ஸ் நதி நாறியது. நாடாளுமன்றத்தின் ஜன்னல் திரைகளை எல்லாம் குளோரைடு கலந்த சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், பயனில்லை. அந்த நாற்றம்தான் உறுப்பினர்களை அவசர அவசரமாகச் சட்டம் போட வைத்தது. ஊர் முழுக்கப் பாதாளச் சாக்கடை கட்டும் வேலை ஜோசஃப் பேசல்ஜெட் என்ற பொறியாளரின் கைக்குப் போனது. இன்றைக்கு நாம் பட்டனை அழுத்தித் தண்ணீர் அடித்துக்கொண்டு போவதைப் பார்க்காமலேயே வெளியே வருகிறோமே, அது அந்தப் பாதை. மோல் போனது இன்னொரு பாதை.

அந்த இரண்டாவது பாதையில் யார் யார் போனார்கள் என்று எட்டு மாதமாகத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் ரொம்ப சாதாரணமானது. முசிறிக்குப் பக்கத்தில் அப்பா வாங்கிப்போட்ட முக்கால் ஏக்கரில் இரண்டு ரூம் வைத்து ஒரு வீடு கட்டுகிறோம். அதற்கு ஒரு கக்கூஸ் வேண்டும். காவிரிப் பக்கத்து நிலம், மழைக்காலத்தில் கிணற்றில் எட்டடியில் தண்ணீர் நிற்கும். அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கப்போகிறோம். செப்டிக் டேங்க் வேண்டாம், உரக்கழிப்பறை கட்டலாம் என்று நான் சொன்னபோது அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“யாருடா அள்றது?”

மோலுக்கு வருவோம். அவர் வினோதப் பிறவி இல்லை. 1849-லும் 1854-லும் அவருடைய ஊரில் காலரா வந்தது. அதில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தவர். ஃபோர்டிங்டன் நிலம் அரச குடும்பத்தின் கார்ன்வால் எஸ்டேட்டுக்குச் சொந்தம் என்பதால், விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட்டுக்கே வரிசையாகக் கடிதங்கள் எழுதி, உங்கள் குடிகள் மலத்துக்கு நடுவில் வாழ்கிறார்கள் என்று முறையிட்டார். அந்த அனுபவத்தில்தான் தன் வீட்டுக் குழியை மூடினார்.

முதலில் வாளியில் சேர்ந்ததைத் தோட்டத்தில் ஓரடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டிப் புதைத்தார். மூன்று நான்கு வாரம் கழித்துத் தற்செயலாகத் தோண்டியபோது அங்கே ஒன்றும் இல்லை. வெறும் மண். அப்புறம் ஒரு கொட்டகை போட்டு, சலித்துக் காயவைத்த மண்ணை அங்கே சேர்த்து, வாளியில் இருப்பதை அதோடு கலக்க ஆரம்பித்தார். பத்து நிமிடத்தில் நாற்றம் போய்விடுகிறது. அதே மண்ணைத் திரும்பக் காயவைத்து ஐந்து முறைவரை பயன்படுத்தினார். பக்கத்து விவசாயி ஒருவரோடு சேர்ந்து ஒரு வயலைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்த மண்ணும் மறுபாதிக்கு அதே எடையில் சூப்பர் பாஸ்பேட்டும் போட்டுக் கிழங்கு வைத்துப் பார்த்தார். மண் போட்ட பாதியில் கிழங்கு மூன்றில் ஒரு பங்கு பெரிதாக வந்தது. 1860-இல் ஜேம்ஸ் பேனர் என்பவரோடு சேர்ந்து காப்புரிமை வாங்கினார். மர இருக்கை, பின்னால் மண் நிரப்பிய ஒரு தொட்டி. கைப்பிடியை இழுத்தால் அளவாக மண் விழும், அவ்வளவுதான் இயந்திரம்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு அவர் காலத்தில் சரியான விளக்கம் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. மலம் தண்ணீரோடும் சிறுநீரோடும் கலந்து காற்றில்லாமல் கிடந்தால், காற்று வேண்டாத நுண்ணுயிர்கள் அதைத் தின்று நாற வைக்கும். அதையே ஈரம் குறைத்து, கார்பன் அதிகமுள்ள மரத்தூளோ காய்ந்த இலையோ போட்டுக் காற்றுப் பட வைத்தால் வேறு கூட்டம் வந்து வேலையை எடுத்துக்கொள்ளும். மண்ணும் சாம்பலும் போட்டால் ஈரம் உறிஞ்சப்படும், நாற்றம் அடங்கும், ஈ உட்காராது. ஆனால் கிருமிகள் சாவதற்கு இரண்டு வழிதான். ஒன்று குவியல் நன்றாகச் சூடேற வேண்டும். இல்லையென்றால் நாள் ஆக வேண்டும்.

இத்தனையும் படித்துக்கொண்டே வந்தபோது மோல் எழுதியதில் ஒரு வாக்கியம் என்னை நிறுத்திவிட்டது. காலையில் வாளியை எடுத்து மண்ணோடு கலக்கும் இந்த மொத்த வேலைக்கும் ஒரு பையனுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது என்கிறார்.

பாதிரியாரைப் பற்றி நமக்குத் தெரியும். அவர் பிள்ளைகளைப் பற்றியும் தெரியும், சீனாவுக்குப் போன மிஷனரிகள், பிஷப்புகள் என்று பெரிய குடும்பம். அந்தப் பையன் யார் என்றுதான் ஓரிடத்திலும் இல்லை. வாளி இருக்கும் இடத்தில் எல்லாம் அந்தப் பையனும் இருக்கத்தானே வேண்டும்? உரக்கழிப்பறையின் வரலாறு என்று நான் படித்தது எல்லாம் கடைசியில் இந்தப் பையனைத் தேடின வரலாறாகத்தான் எனக்குப் படுகிறது.

மண் கழிப்பறை ஒருகாலத்தில் நிஜமாகவே ஜெயிக்கிற குதிரை மாதிரிதான் தெரிந்திருக்கிறது. 1868-இல் விம்பிள்டனில் தொண்டர் படையின் முகாம் நடந்தபோது 2000 பேருக்கு 148 மண் கழிப்பறைகள் போட்டார்கள், தொல்லை எதுவும் இல்லை என்று லான்செட் மருத்துவ இதழ் எழுதியது. அமெரிக்காவில் ஜார்ஜ் வேரிங் என்ற பொறியாளர் இதற்காகவே கம்பெனி, பிரசுரம் எல்லாம் போட்டார். அங்கிள் டாம்ஸ் கேபின் எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவும் அவர் அக்கா கேதரினும் சேர்ந்து 1869-இல் கொண்டுவந்த இல்லப் பராமரிப்பு நூலில் மண் கழிப்பறைக்குத் தனியாக இடம் ஒதுக்கினார்கள். 1862-இல் வெளிவந்த லே மிசராப்ளில் பாரிஸின் சாக்கடையைப் பற்றி விக்டர் ஹியூகோ பக்கம் பக்கமாகப் புலம்புவது நினைவிருக்கும். வருடத்துக்கு இரண்டரைக் கோடி பிராங்க் மதிப்புள்ள உரத்தைப் பாரிஸ் தண்ணீரில் கொட்டுகிறது என்பது அவர் கணக்கு. கதை எங்கேயோ போய்க்கொண்டிருக்க இவர் ஏன் சாக்கடைக்குள் இறங்கிவிட்டார் என்று கல்லூரியில் படித்தபோது அந்தப் பகுதியைத் தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது அதை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

அப்புறம் ஏன் தோற்றது? கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். ஒரு தடவைக்கு ஒன்றரை பைண்ட் மண், கிட்டத்தட்ட 850 மில்லி. பத்து லட்சம் பேர் இருக்கிற ஊரில் ஆளுக்கு ஒருநாளைக்கு ஒரு தடவை என்றாலே தினமும் 850 கன மீட்டர் காய்ந்த மண் ஊருக்குள் வர வேண்டும், அதற்கு மேல் கனத்தோடு வெளியே போக வேண்டும். அத்தனை வண்டிகள், அத்தனை மாடிகள், அத்தனை பையன்கள். குழாய்க்குச் சம்பளம் கிடையாது. வேரிங்கே கட்சி மாறினார். 1878-இல் மெம்பிஸ் நகரத்தை மஞ்சள் காய்ச்சல் சூறையாடிய பிறகு, 1880-இல் அங்கே சாக்கடை கட்டப் போனது அவர்தான்.

மோலின் முறை உண்மையில் பரவலாக எடுபட்ட இடங்களில் ஒன்று இந்தியா. ராணுவக் குடியிருப்புகளிலும் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் ‘உலர்மண் முறை’ நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் இந்த முறைக்கு முட்டுக்கட்டையாக இருந்த கேள்வி இங்கே எழவே இல்லை. பையனைத் தேட வேண்டியதில்லை. சாதி அவனை ஏற்கெனவே பிறப்பித்து வைத்திருந்தது. அவன் அம்மாவையும்.

தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மலம் அள்ளும் வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டியது மோல் இல்லை, வெள்ளைக்காரனும் இல்லை. அது அவர்களுக்கு முன்பே இருந்தது. ஆனால் நகராட்சி, கன்டோன்மென்ட், ஜெயில் என்று புது நிர்வாகங்கள் வந்தபோது அந்த ஏற்பாட்டை உடைக்கவில்லை. பதிவேட்டில் எழுதி, சம்பளம் போட்டு, விதியாக்கினார்கள். ஒரு பாதிரியார் வீட்டில் கால் மணி நேர வேலையாக இருந்தது இங்கே ஒரு வாழ்நாள் வேலையாக, தலைமுறை வேலையாக ஆனது. நம் ஊர்ப் பழைய வீடுகளின் எடுப்புக் கக்கூஸில் பெரும்பாலும் மோல் சொன்ன அந்தப் பிடி மண்கூடக் கிடையாது. சாம்பல் போட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

உறையூரில் எங்கள் தாத்தா வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. கொல்லையில் இரண்டு கல், கீழே ஒரு மாடம், மாடத்துக்குப் பின்பக்கம் சந்தைப் பார்த்த மாதிரி ஒரு தகரக் கதவு. காலையில் ஒரு அம்மா அந்தச் சந்து வழியாக வருவார். தகரம் கிறீச்சென்று திறக்கும், வழிக்கிற சத்தம், திரும்பத் தகரம். அறுபதுகளில் சின்னப் பையனாக இருந்த அப்பாவுக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முகம் நினைவில்லை. முகத்தைப் பார்க்காத மாதிரிதான் அந்தக் கதவையே வைத்திருந்தார்கள். என்னிடம் “யாருடா அள்றது” என்று கேட்டபோது அப்பா அசிங்கம் பார்த்துக் கேட்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

இந்தக் கேள்வியை ஒருவர் 1898-இல் டர்பனில் தன் மனைவியோடு சண்டையாகப் போட்டார். வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தா ஒருவர் கிறித்தவர், பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவருடைய மூத்திரச் சட்டியை எடுத்துக் கொட்டும்போது கஸ்தூரிபா அழுதார். அழாமல், சிரித்த முகத்தோடு எடுக்க வேண்டும் என்று காந்தி அவரைக் கதவுவரை இழுத்துக்கொண்டு போனார். சுயசரிதையில் காந்தியே இதை எழுதியிருக்கிறார், வெட்கத்தோடு. எனக்கு அந்தச் சம்பவத்தில் காந்தியைவிடக் கஸ்தூரிபாதான் முக்கியமாகத் தெரிகிறார். சட்டியைத் தூக்கியது அவர். கொள்கை மட்டும் கணவருடையது. உரக்கழிப்பறை கட்டுகிறேன் என்று கிளம்புகிற என்னைப் போன்ற ஆண்கள் இந்த அத்தியாயத்தை ஒருமுறை படித்துவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடலாம்.

இதைவிட அதிகம் பேசப்படாதவர் அப்பாசாகேப் பட்வர்தன். கொங்கண் பகுதிக்காரர், பிராமணர். 1932-இல் ரத்னகிரி ஜெயிலில் கைதியாக இருந்தபோது, மலம் அள்ளும் வேலையை எனக்கும் கொடுங்கள் என்று கேட்டார். முடியாது என்றார்கள். ஜெயில் விதிப்படி அந்த வேலை குறிப்பிட்ட சாதிக்காரர்களுக்குத்தான். அதற்காக அவர் உண்ணாவிரதம் இருந்தார். எரவாடா சிறையிலிருந்த காந்தியும் டிசம்பரில் அவருக்கு ஆதரவாக உண்ணாவிரதத்தில் இறங்க, அரசு இறங்கிவந்தது. விடுதலைக்குப் பிறகு பட்வர்தன் கணகவலியில் கோபுரி ஆசிரமத்தை அமைத்து, மலத்தை அங்கேயே உரமாக்கும் கழிப்பறைகளைப் பரப்பினார். அள்ளுகிற உரிமைக்காகப் பட்டினி கிடந்த மனிதர், அள்ளவே தேவையில்லாத கழிப்பறைக்கு வந்து சேர்ந்தார். ஜெயில் விதிகளோ அப்படியே இருந்தன. சாதி பார்த்துச் சிறையில் வேலை பிரிப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2024 அக்டோபரில். ஆமாம், 2024.

சுந்தர ராமசாமி மொழிபெயர்ப்பில் தகழியின் ‘தோட்டியின் மகன்’ படித்தவர்களுக்கு ஆலப்புழையின் அந்த வாளிகளும் வண்டிகளும் தெரியும். நான் அதற்குள் போகவில்லை. அந்தப் புத்தகத்தில் ஓர் அப்பன் தன் மகன் தோட்டியாகக் கூடாது என்று நினைப்பதுதான் மொத்தக் கதையும். பையனை வாளியிடமிருந்து எடுத்துவிட வேண்டும். பொறியியல் மொழியில் சொன்னால் பிரச்சினையின் வரையறை அதுதான்.

அந்தப் பிரச்சினைக்கு ஒரு விடை யாருமே எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. 1939-இல் ஸ்வீடனின் டைரசோவில், கடலோரத்தில் வீடு வைத்திருந்த ரிக்கார்ட் லிண்ட்ஸ்ட்ரோம் என்ற ஆசிரியர், கழிவு கடலில் கலக்க வேண்டாம் என்று வீட்டுக்கு அடியில் கான்கிரீட்டில் ஒரு பெரிய தொட்டி கட்டினார். தொட்டியின் தரை சரிவாக இருக்கும். மேல்முனையில் மலம் விழும், சமையலறைக் குப்பையும் விழும். அது மட்கி மட்கிச் சரிவில் மெல்ல இறங்கிக் கீழ்முனைக்கு வந்துசேர வருடக்கணக்கில் ஆகும். கீழே கதவைத் திறந்தால் கிடைப்பது மண். 1962-இல் காப்புரிமை, பிறகு கண்ணாடியிழைத் தொட்டியாக விற்பனை. பெயர் கிளிவஸ் முல்ட்ரும். கிளிவஸ் என்றால் லத்தீனில் சரிவு. 1973-இல் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர் அபி ராக்ஃபெல்லர், எண்ணெய் ராக்ஃபெல்லரின் கொள்ளுப்பேத்தி. இது கதை இல்லை, நிஜமாகவே.

லிண்ட்ஸ்ட்ரோம் செய்தது என்னவென்றால், பையன் தினமும் செய்த கால் மணி நேர வேலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காலத்தை வைத்தார். வடக்கு வியட்நாமில் 1950-களில் ஏழை விவசாயிகளுக்காக இதையே இன்னும் மலிவாகச் செய்தார்கள். தரைக்கு மேலே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை. சிறுநீரைத் தனியாகப் பிரித்துவிடுவார்கள், மலத்தின் மேல் சாம்பல். ஒரு அறை நிறைந்தால் மூடி முத்திரை வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அது நிறைகிற வரைக்கும் முதல் அறை சும்மா கிடக்கும். சும்மா கிடப்பதுதான் அதன் வேலை. மென்பொருளில் இரட்டை பஃபர் என்று ஒன்று உண்டு, ஒன்றில் எழுதும்போது இன்னொன்றைத் தொட மாட்டோம். படத்தைப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

எவ்வளவு நாள் சும்மா கிடக்க வேண்டும்? இங்கேதான் கிருமியும் சட்டமும் ஒரே இடத்துக்கு வருகின்றன. கடைசிவரை தாக்குப்பிடிக்கிற ஆள் உருண்டைப் புழுவின் முட்டை. நம் ஊரில் வயிற்றுப்பூச்சி என்று மாத்திரை கொடுக்கிறார்களே, அந்த வகை. 2006-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, 20 முதல் 35 டிகிரி வெப்பமுள்ள இடங்களில் ஒரு வருடத்துக்கு மேல் போட்டுவைக்கச் சொல்கிறது. குளிர்ந்த நாடுகளில் ஒன்றரை முதல் இரண்டு வருடம். சாம்பல், சுண்ணாம்பு போட்டு காரத்தன்மை 9-க்கு மேல் போனால் ஆறு மாதமே போதும்.

இப்போது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். மலம் அள்ள ஆள் வைப்பதைத் தடை செய்து, 1993 சட்டத்தைவிடக் கடுமையாக வந்தது. அதில் ‘சுகாதாரமற்ற கழிப்பறை’ என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. மலம் முழுமையாக மட்கிப்போவதற்கு முன்னால் அதை மனிதக் கையால் சுத்தம் செய்யவோ கையாளவோ வேண்டியிருந்தால் அது சுகாதாரமற்ற கழிப்பறை. உலர்ந்ததா ஈரமானதா, பீங்கானா கல்லா என்பதை வைத்துச் சட்டம் கோடு போடவில்லை. மட்குவதற்கு முன்னால், அந்தச் சொற்களில்தான் கோடு விழுகிறது. எடுப்புக் கக்கூஸும் உரக்கழிப்பறையும் வெளிப்பார்வைக்கு ஒன்று மாதிரி இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு வருடம். (ரயில் பெட்டிக் கழிப்பறைக்கு மட்டும் அந்த விளக்கத்திலேயே விலக்கு கொடுத்திருக்கிறார்கள், ஊழியருக்குக் கருவியும் பாதுகாப்பு உடையும் இருந்தால் போதுமாம். சட்டம் எழுதுகிறவர்களுக்கும் ஒரு பையன் தேவைப்படத்தான் செய்கிறான்.)

காகிதத்தில் கோடு சரியாகத்தான் இருக்கிறது. மனதுக்குள் அது இல்லை. தூய்மை இந்தியா திட்டத்தில் அரசு சிபாரிசு செய்வது இரட்டைக் குழிக் கழிப்பறை. ஒரு குழி நிறைந்தால் மூடிவிட்டு அடுத்ததற்கு மாற்றி, ஒன்றிரண்டு வருடம் கழித்து முதல் குழியைத் திறந்தால் உரம். வியட்நாம் யோசனையேதான், தரைக்கு அடியில். ஆனால் திறக்க ஆள் வர மாட்டார்கள், தானும் திறக்க மாட்டார்கள். இதற்காக 2017 பிப்ரவரியில் தெலங்கானாவில் வாரங்கலுக்குப் பக்கத்தில் கங்காதேவிபள்ளியில் மத்திய அரசின் செயலாளர் பரமேஸ்வரன் ஐயரே குழிக்குள் இறங்கி உரத்தை அள்ளிக் காட்டினார். டயான் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் அதே வருடம் எழுதிய ‘வேர் இந்தியா கோஸ்’ என்ற புத்தகம் இந்த இடத்தைத்தான் தொட்டுப் பேசுகிறது. வட இந்தியக் கிராமங்களில் மக்கள் சின்னக் குழியை வேண்டாம் என்கிறார்கள், கட்டினால் வாழ்நாளில் நிறையாத அளவுக்குப் பெரிய குழி வேண்டும் என்கிறார்கள், ஏனென்றால் குழியைத் திறப்பது ‘அவர்கள்’ வேலை. அழுக்கின் மீது வந்த பயம் இல்லை அது. இறங்கினால் சாதியில் இறங்கிவிடுவோமோ என்ற பயம்.

செப்டிக் டேங்க்காரர்கள் இதிலிருந்து தப்பிவிட்டதாக நினைப்பதும் வேடிக்கைதான். டேங்க் நிறையும். லாரி வரும். சில சமயம் லாரியின் குழாய்க்கு மசியாத அடிக்கசடுக்கு ஆள் இறங்குவான், செய்தித்தாளில் இரண்டு பத்தி வரும். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் 2017-இல் இதைத்தான் முகத்துக்கு நேரே காட்டியது. தண்ணீர்ப் பாதையிலும் பையன் இருக்கிறான். இன்னும் கொஞ்சம் தூரத்தில், கண்ணுக்குப் படாமல்.

எனக்கு நேரடியாக உதவிய வரலாறு கடைசியில் பக்கத்திலேயே கிடைத்தது. ஐரோப்பிய மாதிரிகளில் எல்லாம் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அவர்கள் காகிதத்தில் துடைக்கிறார்கள், நாம் தண்ணீரில் கழுவுகிறோம். கழுவின தண்ணீர் தொட்டிக்குள் போனால் எல்லாம் சேறு, திரும்ப அதே நாற்றம். 1990-களின் நடுவில் திருவனந்தபுரத்துக்குக் கீழே புல்லுவிளா என்ற மீனவக் கிராமத்தில் பால் கால்வர்ட் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் இதற்கு வழி கண்டார். மணல் பூமி, நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில், குழி தோண்டவே முடியாது. அவர் தரைக்கு மேலே இரண்டு அறை கட்டி, இரண்டு துவாரத்துக்கும் நடுவில் கழுவுவதற்கென்று தனியாக ஒரு இடம் விட்டார். முடித்துவிட்டு ஒரு எட்டு தள்ளி உட்கார்ந்து கழுவ வேண்டும். அந்தத் தண்ணீரும் சிறுநீரும் வெளியே செடிப் பாத்திக்குப் போய்விடும்.

அந்த அமைப்பைத் தமிழ்நாட்டில் ஊர் ஊராகக் கொண்டுபோனது திருச்சியின் ‘ஸ்கோப்’ தொண்டு நிறுவனம். அதை நடத்தும் சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2006-இல் முசிறி சாலியர் தெருவில் அவர்கள் கட்டிய பொதுக் கழிப்பறை, பயன்படுத்துகிறவர்களிடம் காசு வாங்காமல் காசு கொடுத்தது. தடவைக்குச் சில பைசா. சிறுநீரும் உரமும் வயலுக்குத் தேவை என்பதால். வெளிநாட்டுப் பத்திரிகைகள் இதை ஒரு தமாஷ் செய்தியாகப் போட்டன. எனக்கு அது தமாஷாகப் படவில்லை. வரலாற்றில் முதல்தடவையாக வாளிக்குப் பக்கத்தில் காசு சரியான திசையில் நகர்ந்த மாதிரி இருந்தது.

அதனால் தேர்வு என்று வந்தபோது ரொம்ப நேரம் ஆகவில்லை. மின்விசிறியும் ஹீட்டரும் வைத்த வெளிநாட்டு ரெடிமேட் பெட்டிகள் வாரக் கடைசியில் இரண்டு பேர் போய்த் தங்கும் குடிலுக்குச் செய்தவை. தண்ணீர் ஊற்றினால் தாங்காது, கரண்ட் போனால் தவிக்கும். ஜோசஃப் ஜென்கின்ஸ் 1994-இல் எழுதிய ‘ஹியூமன்யூர் ஹேண்ட்புக்’ சொல்லும் வாளி, மரத்தூள், பெரிய சூடான குவியல் முறை பிரமாதமான அறிவியல். பைசா செலவில்லை. ஆனால் அதில் மட்காத வாளியை வாரத்துக்கு இரண்டுமுறை ஒருவர் தூக்க வேண்டும். நான் பெங்களூரில் இருக்கும் வாரங்களில் தூக்கப்போவது அம்மா. கஸ்தூரிபா அத்தியாயம் வேண்டாம். இரட்டைக் குழி நல்லதுதான், எட்டடியில் தண்ணீர் இல்லாத நிலத்துக்கு.

மிச்சம் இரண்டு அறை முறை. ஒரு மனிதருக்கு வருடத்துக்கு மலம் சுமார் 50 லிட்டர், சிறுநீர் 500 லிட்டர். சிறுநீரைப் பிரித்துவிட்டால் மலத்தின் மேல் போடும் சாம்பல், மண், தேங்காய் நார்த்தூள் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 150 லிட்டர் என்று தாராளமாகவே வைத்தேன். நான்கு பேருக்கு 600. ஒரு கன மீட்டர் அறை ஒரு வருடத்துக்கு மேலேயே தாங்கும். கொத்தனார் கணக்கில் மூணரைக்கு மூணரை, உயரம் மூணடி. இப்படி இரண்டு. சாதாரண ஃப்ளஷ் என்றால் பத்து லிட்டர் வீதம் ஆளுக்கு ஒருநாளைக்கு நான்கு தடவை, நான்கு பேருக்கு வருடத்துக்கு 58,400 லிட்டர் தண்ணீர். அதைக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே மண்ணுக்குள் விட்டிருப்போம்.

அம்மாவுக்கு இந்தக் கணக்கு, மோல், வியட்நாம் எதுவும் பொருட்டில்லை. எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப அஞ்சு படி ஏறணுமா?” என்றார். முட்டிவலி. இந்த அமைப்பின் பெரிய குறையே அதுதான், அறை தரைக்கு மேலே இருப்பதால் உட்காருமிடம் மூன்றடி உயரத்துக்குப் போய்விடுகிறது. படங்களில் எல்லாம் கழிப்பறை ஒரு மேடை மாதிரி தனியாக நிற்கும். இரண்டு நாள் யோசித்து, வீட்டுப் பேஸ்மட்டத்தையே மூன்றடியாக ஏற்றினோம். வெள்ள பயத்துக்கு எப்படியும் இரண்டரை அடி போடுவதாகத்தான் இருந்தது. அறைகள் இரண்டும் பேஸ்மட்டத்தின் ஓரத்தில் அடங்கிவிட்டன. அம்மா பெட்ரூமிலிருந்து சமதளத்தில் நடந்து போகலாம். உட்காருவதற்கு மேற்கத்திய உயரத்தில் இருக்கை, பக்கத்தில் கழுவக் கைக்குழாயோடு தனி இடம். சிறுநீரும் கழுவின தண்ணீரும் வாழைப் பாத்திக்கு.

அப்பாவின் கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான். ஒரு வருடம் மூடிக் கிடந்த பிறகு நான் அள்ளுவேன். வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. என்னால் முடியாத வருடத்தில் இன்னும் ஒரு மாதம் மூடிக் கிடக்கும், வேறு ஆளைக் கூப்பிடக் கூடாது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பேச்சை மாற்றிச் சிமென்ட் விலையைப் பற்றிக் கேட்டார்.

கொத்தனார் வரைந்துகொண்டுவந்த படத்தில் அறைகளின் கதவு வீட்டுக்குப் பின்னால், வேலியைப் பார்த்த மாதிரி இருந்தது. “பின்னாடிதானே சார் வைப்பாங்க, ஆள் வந்து எடுத்துட்டுப் போக வசதியா” என்றார். ஆள் யாரும் வரப்போவதில்லை என்று சொல்லி, கதவைப் பக்கவாட்டுக்கு, முருங்கை மரமும் துணி துவைக்கிற கல்லும் இருக்கிற பக்கத்துக்கு மாற்றச் சொன்னேன். தள்ளுவண்டி அங்கேதான் திரும்பும். அவர் பென்சிலால் அடித்துவிட்டுத் திருத்தி வரைந்தார். கதவுக்கு என்ன போடலாம், தகரத்தில் ஒரு ஃப்ரேம் அடித்துவிடலாமா என்று கேட்டார்.

அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த அப்பா, “தகரம் வேணாம்” என்றார்.

கடப்பா கல் சொல்லியிருக்கிறோம். சாம்பலுக்குப் பக்கத்துத் தெரு டீக்கடையில் பேசிவைத்தாயிற்று, விறகடுப்புதான், வாரத்துக்கு ஒரு சாக்கு தருவதாகச் சொல்லியிருக்கிறார்.